பாடுறவன் பேர் ஊருக்கே தெரியும்... பிடிக்கிறவன் பேர்?

சென்னையிலிருந்து வரும் சாலை திருச்சிக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று எனப் பிரிகிற இடம் உளுந்தூர்பேட்டை. பொங்கல் நேரத்திலோ, கோயில் திருவிழா நேரத்திலோ இந்தப் பக்கம் இரவில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கலாம். சுற்றிலும் வயல்வெளி இருட்டு. நடுவில் பளிச்சென்று சதுரமாக ஒரு வெளிச்சம். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான தலைகள். ஒலிபெருக்கியில் ஒரு குரல் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கும்.

மின்னொளி கபடி!

பகலிலேயே மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துக் களத்தைத் தயார் செய்துவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் கட்டிய அணிகள் வேன் பிடித்து வந்து இறங்கும். முதல் பரிசுக்கு இவ்வளவு, இரண்டாம் பரிசுக்கு இவ்வளவு, கோப்பை உபயம் இன்னார் என்று ஃபிளெக்ஸில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். விடிய விடிய ஆட்டம் நடக்கும்.

அந்த மைக் குரலைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். "இதோ பாடி வர்றாரு தம்பி... ஒண்ணைத் தொட்டாரு, ரெண்டைத் தொட்டாரு, கோட்டுக்கு வந்துட்டாரு!" பாடிப் போகிறவரின் பெயர், ஊர், அப்பா பெயர்வரைக்கும் அந்தக் குரலுக்கு அத்துப்படி. அவரையே எதிரணி அமுக்கிவிட்டால்? "பிடி... பிடி... அருமையான பிடி!" அவ்வளவுதான். பிடித்தவர் யார் என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

அந்தப் பெயர் சொல்லப்படாத ஆள்தான் இந்த வாரம் நம் கதாநாயகன்.

ஓரத்தில் நிற்கும் ஆள்

கபடியில் ஓர் அணிக்கு ஏழு பேர். எதிரணியிலிருந்து ஒருவர் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு வந்தால், ஏழு பேரும் அரைவட்டமாக நிற்பார்கள். இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள் கார்னர். அவர்களுக்கு உள்பக்கம் துணையாக நிற்பவர்கள் கவர். இந்த நால்வரின் முதல் வேலை பிடிப்பது.

மைதானத்துக்கு முதன்முதலாக வரும் பையனிடம் 'என்ன ஆடப் போறே?' என்று கேட்டால், 'பாடப் போறேன்' என்றுதான் சொல்வான். யாரும் ஆசைப்பட்டு கார்னருக்குப் போவதில்லை. 'நீ அந்த ஓரத்துல நில்லுடா' என்று சீனியர் அண்ணன் சொல்வார், போய் நிற்பான். பல பிடிகாரர்களின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

பையன்கள் பாடத் துடிப்பதற்கு ஆட்டத்தின் கணக்கும் ஒரு காரணம். பாடிப் போகிறவர் ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுத் திரும்பினால் மூன்று புள்ளி. நான்கு பேர் கட்டிப் புரண்டு ஒருவரைப் பிடித்தாலும் அணிக்கு ஒரு புள்ளிதான். களத்தில் மூன்று பேரோ, அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் மட்டும் கூடுதலாக ஒன்று கிடைக்கும். அதற்குப் பெயர் சூப்பர் டேக்கிள். புரோ கபடியில் ஒரே ஆட்டத்தில் பத்து ரெய்டு புள்ளி எடுத்தால் அது 'சூப்பர் 10'. பிடிக்கிறவர் ஐந்து புள்ளி எடுத்தாலே 'ஹை 5' என்று கொண்டாடுகிறார்கள். பிடிப்பது அவ்வளவு கஷ்டம் என்பதை இந்தக் கணக்கே ஒப்புக்கொள்கிறது.

புரோ கபடி வரலாற்றில் ரெய்டு புள்ளிகளில் முதலிடத்தில் இருக்கும் பர்தீப் நர்வால் எடுத்தவை 1,800-க்கும் மேல். பிடியில் முன்னணியில் இருக்கும் ஈரான் வீரர் ஃபசல் அத்ராசலி எடுத்தவை 500-ஐத் தாண்டியவை. இருவருமே அவரவர் வேலையில் உச்சம். எண்களை மட்டும் பார்க்கிறவருக்கு ஒருவர் மலையாகவும் இன்னொருவர் மேடாகவும் தெரிவார்கள். கபடி தெரிந்தவர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

39 வயதில் அறிமுகமான 'அண்ணன்'

இந்த ஓரத்து வேலையைச் செய்தே உலகக்கோப்பைவரை போன ஒரு தமிழர் இருக்கிறார். பெயர், தர்மராஜ் சேரலாதன். 1975-ல் பிறந்தவர். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டி அவர் ஊர்.

2014 ஜூலையில் புரோ கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 39. அந்த வயதில் பெரும்பாலான கபடி வீரர்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, ஊர்ப் பையன்களுக்கு விசில் ஊதிக்கொண்டிருப்பார்கள். சேரலாதனோ பெங்களூரு புல்ஸ் அணிக்காக, தன்னைவிட 15, 20 வயது குறைந்த பையன்களின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கபடி வட்டாரத்தில் அவரை 'அண்ணா' என்றே அழைக்கத் தொடங்கினார்கள். இந்திக்காரர்களும் 'அண்ணா'தான்!

அவருடைய பெரிய ஆண்டு 2016. பட்னா பைரேட்ஸ் அணிக்கு அவர்தான் கேப்டன். ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸை 37-29 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது பட்னா. அந்த சீசன் முழுக்கப் பேசப்பட்ட பெயர், அதே அணியில் பாடிப்போன இளைஞர் பர்தீப் நர்வால்.

மூன்றே மாதத்தில் அகமதாபாத்தில் உலகக்கோப்பை. 41 வயதில் இந்திய அணியில் சேரலாதனும் இருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32-34 என்று இந்தியா தோற்றது அப்போது பெரிய அதிர்ச்சி. அங்கிருந்து மீண்டு, அக்டோபர் 22 அன்று இறுதியாட்டத்தில் ஈரானைச் சந்தித்தது. இடைவேளையில் 13-18 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, கடைசியில் 38-29 என்று ஜெயித்தது. அன்றைய நாயகன், 12 புள்ளிகள் எடுத்த அஜய் தாக்கூர். அவரும் பாடிப்போகிறவர்தான்!

அதன்பிறகும் சேரலாதன் நிற்கவில்லை. 2017-ல் புனேரி பல்டன், 2018-ல் யு மும்பா என்று போனார். மும்பையில் இடது கார்னரில் ஃபசல் அத்ராசலி, வலது கார்னரில் நம் அண்ணன். 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு கேப்டன். கொரோனா இடைவெளிக்குப் பிறகு 2021 டிசம்பரில் தொடங்கிய எட்டாவது சீசனில் ஜெய்ப்பூர் அணியில் இறங்கினார். அப்போது வயது 46.

தமிழ் தலைவாஸ் அணி 2017-லேயே வந்துவிட்டாலும், ஆட்டக்காரராக அந்தச் சட்டையை அவர் ஒருமுறைகூடப் போடவில்லை. 2024-ல்தான் வியூகப் பயிற்சியாளராக சொந்த மண்ணின் அணிக்குள் வந்தார்.

அமெரிக்காவில் ஒரு 'லைன்மேன்'

நம்மூரில் லைன்மேன் என்றால் மின்வாரியத்துக்காரர். கரன்ட் இருக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை, போனால்தான் தேடுவோம். அமெரிக்கன் ஃபுட்பாலில் தடுப்பு வரிசையில் நிற்பவரையும் லைன்மேன் என்றுதான் சொல்கிறார்கள். அவர் நிலைமையும் ஏறக்குறைய அதேதான்.

அந்த ஆட்டத்தில் ஓர் அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். பந்தை எடுத்து வீசும் மூளைக்காரர்தான் குவாட்டர்பேக். ரசிகர்களின் கண், கேமராவின் கண் எல்லாம் அவர் மேல். அவரைக் காக்க 140 கிலோ மலைகளாக ஒரு வரிசை நிற்கும். அந்த வரிசையை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்து, பந்து கையைவிட்டுப் போவதற்குள் குவாட்டர்பேக்கை வீழ்த்த வேண்டும். அதுதான் தடுப்பு லைன்மேனின் வேலை. அப்படி வீழ்த்துவதற்குப் பெயர் 'சாக்'.

அந்த வார்த்தையைப் பரப்பியவர் டீக்கன் ஜோன்ஸ் என்ற லைன்மேன். 1961 முதல் 1974 வரை ஆடியவர். ஆனால், அவருடைய சாக்குகள் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. வீரர் வாரியாக அந்தக் கணக்கை 1982-ல்தான் லீக் எழுதத் தொடங்கியது. பேர் வைத்தவருக்கே பேரேட்டில் இடமில்லை!

சேரலாதன் புரோ கபடியில் இறங்கிய அதே 2014-ல், அமெரிக்காவின் என்.எஃப்.எல் லீக்கில் ஒரு 23 வயது இளைஞர் அறிமுகமானார். பெயர் ஆரோன் டொனால்டு. அந்த வேலைக்கு அவர் உயரம் போதாது என்று பலர் நினைத்தார்கள். பள்ளி நாள்களில் அதிகாலை நாலரை மணிக்கு அவரை எழுப்பி, வீட்டின் நிலவறையில் பயிற்சி கொடுத்தவர் அவர் அப்பா. பெரிய ஆளான பிறகும், எதிராளியின் கையைத் தட்டிவிடும் வேகத்துக்காகப் போலிக் கத்திகளை வைத்துக்கொண்டு பயிற்சி எடுத்த வீடியோ அந்த ஊரில் பிரபலம். வெறும் பலத்தால் மட்டும் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கினார். 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டம். அவருடைய ராம்ஸ் அணி 23-20 என முன்னிலை. எதிரணிக்குக் கடைசி வாய்ப்பு. வரிசையைப் பிளந்து உள்ளே புகுந்த டொனால்டு, குவாட்டர்பேக்கை இழுத்துச் சுழற்றினார். அவசரமாக வீசிய பந்து தரையில் விழுந்தது. கோப்பை ராம்ஸுக்கு. ஆட்டநாயகன் விருது? பந்தைப் பிடித்து ஓடும் அவருடைய சக வீரர் கூப்பர் கப்புக்கு!

2024-ல் டொனால்டு ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு 32 வயது. பத்து சீசன்.

32 வயதில் ஓய்வு பெற்ற அமெரிக்க வீரரையும், 46 வரை ஆடிய தஞ்சாவூர்க்காரரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆட்டம் வேறு, இடியின் வேகம் வேறு. ஆனால், இரண்டு பேரின் கதையிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. தடுப்பவனை நிலைக்க வைத்தது முரட்டு பலம் மட்டுமல்ல... கற்றுக்கொண்ட வித்தை!

ஒற்றைக் காலில் நிற்கும் நொடி

அந்த வித்தை என்ன? கார்னர் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஆண்கள் கபடியில் நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு 4.75 மீட்டர் தள்ளி இருக்கிறது. எதிரில் ஆறு பேராவது இருக்கும்போது, பாடி வருகிறவர் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்து, மறு கால் தரையில் படாமல் இருந்தால் போனஸ் புள்ளி. அதாவது, அந்த ஒரு நொடியில் அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். ரெய்டின் பலவீனமான நொடி அதுதான்.

கார்னர் காத்திருப்பது அந்த நொடிக்காகத்தான். முன்னாலேயே பாய்ந்தால், பாடி வருகிறவர் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். தாமதமானால் போனஸோடு போய்விடுவார். சரியான நொடியில் கீழே இறங்கிக் கணுக்காலை இரண்டு கைகளாலும் பற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அதே வேகத்தில் பக்கத்து கவர் வந்து இடுப்பையோ தொடையையோ கட்ட வேண்டும். மூன்றாவது ஆள் நடுக்கோட்டுக்கும் பிடிபட்டவருக்கும் இடையே சுவர் மாதிரி வந்து நிற்க வேண்டும். இதில் ஒருவர் பிந்தினாலும் இழுத்துக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டுவிடுவார். அப்படித் தொட்டால், பிடிக்கப் போன மூன்று பேரும் அவுட்!

அதனால்தான் கார்னரில் வயது ஒரு பாரமாக இல்லாமல் பலமாகவும் ஆகலாம். கால் வேகம் வருடத்துக்கு வருடம் குறையும். 'இவன் இடது காலைத்தான் நீட்டுவான், இரண்டு முறை ஏமாற்றிவிட்டு மூன்றாவது முறைதான் உள்ளே வருவான்' என்று படிக்கிற கண் வருடத்துக்கு வருடம் கூடும். 39 வயதில் சேரலாதனுக்கு இடம் கிடைத்ததற்கும், 46 வரை அந்த இடம் நிலைத்ததற்கும் இந்தக் கண்தான் விளக்கம்.

பிடிக்கும் விதத்துக்குச் சட்டமும் இருக்கிறது. முடியைப் பிடிக்கக் கூடாது, சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது, வாயைப் பொத்தக் கூடாது, கழுத்தை நெரிக்கக் கூடாது, இரண்டு கால்களால் கத்தரி போட்டு அமுக்கக் கூடாது. காயம் ஏற்படுத்தும் முரட்டுப் பிடியும் தப்பாட்டம்தான். கைகாலையும் உடம்பையும் மட்டுமே முறையாகப் பிடிக்கலாம். புரோ கபடியில் நடுவர்களும் கேமராவும் இதைக் கவனிக்கிறார்கள். கிராமத்து மின்னொளி ஆட்டத்தில்? இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு களங்கள், இரண்டு முடிவுகள்

2022 ஜூலை. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரில், பண்ருட்டி அருகே ஒரு கிராமத்துக் கபடிப் போட்டி. பாடிப் போன ஓர் இளைஞர் பிடிபட்டுக் கீழே விழுந்தார். அதன்பிறகு அவர் மீளவே இல்லை. அந்த வீடியோ தமிழ்நாடு முழுக்க செல்போனுக்கு செல்போன் பரவியது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன். பார்த்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2023 ஜனவரி 2, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம். பஃபலோ பில்ஸ் அணியின் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர் டமார் ஹாம்லின், 24 வயது. எதிரணி வீரரை மடக்கிப் பிடித்தார். எழுந்து நின்றார். அடுத்த நொடி அப்படியே பின்பக்கமாகச் சரிந்தார். நெஞ்சில் விழுந்த அடியால் இதயம் நின்றுபோயிருந்தது. அணியின் உதவியாளர் ஒருவர் ஓடிவந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி களத்துக்கே வந்தது. ஆம்புலன்ஸும் மைதானத்துக்குள்ளேயே வந்தது. ஆட்டம் கைவிடப்பட்டது. ஹாம்லின் பிழைத்தார். அதே ஆண்டிலேயே மறுபடி களத்தில் இறங்கி ஆடினார்.

இரண்டு சம்பவங்களின் மருத்துவக் காரணமும் ஒன்றா, உதவி உடனே வந்திருந்தால் அந்த இளைஞர் பிழைத்திருப்பாரா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு சொல்ல முடியாது. அன்று பிடித்த பையன்கள் மீது பழி போடுவதும் நியாயமில்லை. ஆனால், ஒரு வேறுபாடு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அங்கே ஆள் சரிந்தால் என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள். நம் திருவிழாக் களங்கள் பலவற்றில் கோப்பை உபயம் யார், சாப்பாடு உபயம் யார் என்பது தெரியும். முதலுதவி யார் பொறுப்பு என்பது தெரியாது.

கமிட்டிக்காரர்கள் கவனத்துக்கு

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. போட்டி நடத்தும் இளைஞர் மன்றத்தில் நாலு பேருக்கு சி.பி.ஆர் தெரிந்தால் போதும். ஆள் பேச்சுமூச்சில்லாமல் விழுந்து, மூச்சும் சரியாக இல்லையென்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒருவர் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவே ஒரு கைமேல் இன்னொரு கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை நிறுத்தக் கூடாது. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே போகும்.

கழுத்திலோ முதுகுத்தண்டிலோ அடி என்று சந்தேகம் வந்தால், நாலு பேர் சேர்ந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கக் கூடாது. அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் உள்ளே வர ஒரு வழியைக் கூட்டம் அடைக்காமல் விட்டுவைக்க வேண்டும். எடைப்பிரிவு அறிவித்துவிட்டு, 'நம்ம பையன்தானே' என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. 60 கிலோ பிரிவில் 75 கிலோ ஆள் வந்து விழுந்தால் கீழே இருப்பவனின் கதி என்ன? முரட்டுப் பிடிக்கு விசில் ஊதும் நடுவரை, உள்ளூர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு மிரட்டக் கூடாது. அந்த விசில் எதிரணிப் பையனை மட்டுமல்ல, நம் பையனையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது.

கோப்பை மட்டும் போதுமா?

உளுந்தூர்பேட்டையில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 10-ம் அணி இருக்கிறது. காக்கிச் சட்டை இந்தப் பகுதிப் பையன்களுக்கு நன்கு பழக்கமானது. காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியும். கபடி அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, வேலைக்கான ஒரு வழி.

ஆனால், ஒரு விஷயத்தைப் பெற்றோர்கள் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டு ஷோகேஸ் நிறைய மின்னொளிக் கோப்பைகள் இருந்தாலும், ஒதுக்கீட்டுக்கு அவை சான்றாகாது. அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் நடத்தும் மாவட்ட, மாநிலப் போட்டிகள், பள்ளி விளையாட்டுப் போட்டிகள், பல்கலைக்கழகப் போட்டிகள் போன்றவற்றில் ஆடிய சான்றிதழ்களைத்தான் பார்ப்பார்கள். எந்தப் பதவிக்கு எந்த அளவுப் போட்டி என்பது அந்தந்த அறிவிப்பில் இருக்கும். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் கபடி இருக்கிறது. ஊருக்கு ஊர் வாடகை வேனில் போய் விடிய விடிய ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொள்வதற்கு முன், வருடத்துக்கு இரண்டு முறையான போட்டிகளிலாவது பையன் ஆடியிருக்கிறானா என்று கேளுங்கள்.

கார்னரில் ஆடும் பையனுக்கு இது இரட்டிப்பு அவசியம். பாடுகிறவன் ஒரே இரவில் பெயர் எடுத்துவிடலாம். பிடிக்கிறவனை அடையாளம் காண ஒரு நல்ல பயிற்சியாளரின் கண் வேண்டும். அந்தக் கண் முறையான முகாம்களில்தான் அதிகம் கிடைக்கும். தப்பான பிடியை பத்து வருடம் ஆடிப் பழகிவிட்டால் முழங்காலும் தோளும் முதலில் போகும், பிறகு வாய்ப்பும் போகும். சரியான பிடியைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டால் அது பையனின் உடம்பையும் காக்கும், எதிரில் வருகிறவனின் உயிரையும் காக்கும்.

சேரலாதன் கதையைப் பையன்களிடம் சொல்ல வேண்டியது இதற்காகத்தான். தஞ்சாவூர் கிராமத்திலிருந்து போன ஒருவர், கூட்டம் கத்துகிற இடத்தில் இல்லாமல், ஓரத்தில் நின்று, பொறுமையாகக் காத்திருந்து, சரியான நொடியில் மட்டும் கீழே இறங்கி, 46 வயதுவரை அந்த வேலையைச் செய்திருக்கிறார்.

அடுத்த முறை உங்கள் ஊரில் மின்னொளி கபடி நடந்தால், மைக் பிடிக்கும் அண்ணனிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். "அருமையான பிடி" என்று சொன்ன கையோடு, கணுக்காலை முதலில் பிடித்த பையனின் பெயரையும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். ஓரத்தில் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நிற்கும் அவன் முகத்தை அப்போது பாருங்கள். கூட்டத்தில் எங்கோ நின்றுகொண்டிருக்கும் அவன் அம்மாவின் முகத்தையும்!